ட்ரவுட்டோட காண்ட்ராக்ட்ட ஏஞ்சல்ஸ் கைமாத்தி விடணுமா?

அனஹைம்_வாசி
ரொம்ப நாளா மனசுல ஓடிட்டே இருக்குற விஷயம், இன்னைக்கு எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன். நம்ம பேஸ்பால் டீம் ஏஞ்சல்ஸ், மைக் ட்ரவுட்ட ட்ரேட் பண்ணிடணும், அதாவது வேற டீமுக்கு மாத்தி விட்டு பதிலுக்கு ஆள வாங்கணும். இத சொல்றதுக்கே கை கூசுது, ஏன்னா நான் 2012லேர்ந்து அந்த ஸ்டேடியத்துக்கு போயிட்டு இருக்கேன், அந்த வருஷம்தான் அவர் ரூக்கி ஆஃப் தி இயர், 49 ஸ்டீல் (பந்து போடும்போதே ஓடி அடுத்த பேஸ பிடிக்கறது), சென்டர் ஃபீல்டுல சுவர் மேல ஏறி ஹோம் ரன்ன பறிச்சத எல்லாம் பாத்தவன் நான்.

ஆனா கணக்க பாருங்க. 2019 மார்ச்ல 12 வருஷம், 426.5 மில்லியன் டாலர். 2030 வரைக்கும் ஓடுது. 2025 சீசன் முடிஞ்சப்போ 5 சீசன் பாக்கி, அதுக்கே கிட்டத்தட்ட 177 மில்லியன். அவருக்கு 2025ல 34 வயசு ஆச்சு. 2021ல கெண்டைக்கால் போய் 36 மேட்ச், 2022ல முதுகு, 119 மேட்ச், 2023ல கை எலும்பு உடைஞ்சு 82, 2024ல முட்டி சவ்வு கிழிஞ்சு வெறும் 29. 2025ல 130 ஆடினாரு, 26 ஹோம் ரன், ஆனா ஆவரேஜ் .232, அதுலயும் பாதி நாளைக்கு மேல டிஎச், அதாவது ஃபீல்டிங் பண்ணாம பேட் மட்டும் பிடிக்கற இடம். டீம் 72 ஜெயிச்சு 90 தோத்து, டிவிஷன்ல கடைசி.

செப்டம்பர்ல ஒரு மேட்ச், நான் ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் உக்காந்திருந்தேன். ஷார்ட்ஸ்டாப் ஃபீல்டர் கைக்கு தரையோட மெதுவா உருண்டு போற ஒரு பந்த அடிச்சிட்டு ஓடி வந்தாரு, இடது கால ஊனும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு துளி யோசிச்சு வெக்கிற மாதிரி இருந்துச்சு. பத்து வருஷத்துக்கு முன்னாடி அதே பந்துக்கு அவர் பேஸ தாண்டி போயிருப்பாரு, பந்து அப்பறம்தான் வரும். பக்கத்துல என் பொண்ணு "ஏம்ப்பா அங்கிள் நொண்டுறாரு"ன்னு கேட்டா. எனக்கு பதில் வரல.

அவருக்கும் ஒரு கப் ஜெயிக்க வாய்ப்பு வேணும், நமக்கும் டீம முதல்லேர்ந்து கட்டணும். ரெண்டு பேருக்கும் நல்லது பிரியறதுதான்னு எனக்கு தோணுது. என்ன சொல்றீங்க?

கணக்குப்பிள்ளை
அண்ணே, உங்க வருத்தம் புரியுது, ஆனா யாரு வாங்குவாங்கன்னு சொல்லுங்க முதல்ல. 34 வயசு டிஎச், வருஷத்துக்கு 35 மில்லியனுக்கு மேல, அஞ்சு வருஷம். இன்னைக்கு ட்ரவுட் ஃப்ரீ ஏஜென்ட்டா, அதாவது எந்த காண்ட்ராக்ட்டும் இல்லாத ஆளா வெளிய வந்தா ரெண்டு வருஷம், மிஞ்சிப்போனா மூணு வருஷத்துக்குதான் எவனும் கையெழுத்து போடுவான். ஆன் பேஸ் (பேஸுக்கு போய் சேர்ற விகிதம்) .359 இருக்கு, பந்த பாத்து விடற கண்ணு இன்னும் போகல, அதனால அவர் பிரயோஜனம் இல்லாதவர்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா அந்த விலைக்கும் இந்த ஆட்டத்துக்கும் நடுவுல பெரிய பள்ளம் இருக்கு, அத யாராவது காசு போட்டு மூடணும், அது ஏஞ்சல்ஸ்தான்.

சுழல்பந்து
தப்பா எடுத்துக்காதீங்க, நான் கிரிக்கெட் பாத்து வளந்தவன், பேஸ்பால் ரெண்டு வருஷமாதான் பாக்கறேன். ஐபிஎல்ல சரியா ஆடலன்னா அடுத்த ஏலத்துக்கு முன்னாடி ரிலீஸ் பண்ணிடுவாங்க, அந்த காசு பர்ஸுக்கு திரும்பி வந்துடும். இங்க அப்படி ஒரு வழியே கிடையாதா?

கணக்குப்பிள்ளை
@சுழல்பந்து கிடையாது ப்ரோ, இங்க காண்ட்ராக்ட் முழுக்க கேரண்டி. ரிலீஸ் பண்ணலாம், ஆனா கடைசி டாலர் வரைக்கும் குடுத்தே தீரணும். ஏஞ்சல்ஸே பண்ணிருக்காங்க, ஆல்பர்ட் பூஹோல்ஸ். 2011 டிசம்பர்ல 10 வருஷம் 240 மில்லியன், கடைசி வருஷம் 2021 மே மாசம் நடுவுலயே விட்டுட்டாங்க. டாட்ஜர்ஸ் கூப்பிட்டாங்க, அவங்க குடுத்தது லீக்கோட மினிமம் சம்பளம், அந்த வருஷத்து 30 மில்லியன் ஏஞ்சல்ஸ் தலைலதான். அடுத்த வருஷம் செயின்ட் லூயிஸ் போய் 700 ஹோம் ரன்ன தாண்டி ரிட்டயர் ஆனாரு.

அதனால பெரிய காண்ட்ராக்ட்ட இறக்கி வெக்க இங்க ட்ரேட் ஒண்ணுதான் வழி, அதுலயும் ரெண்டு விதம். ஒண்ணு, சம்பளத்த முழுசா எதிராளி ஏத்துக்கட்டும், பதிலுக்கு சுமாரான பசங்கள குடுங்கன்னு விடறது. இன்னொண்ணு, பாதி சம்பளத்த நானே கட்டறேன், நல்ல ப்ராஸ்பெக்ட்டா, அதாவது பெரிய ஆளா வருவான்னு நம்பற சின்ன பையனா குடுங்கறது. 2023ல மெட்ஸ் டீம் பிட்சர் ஷெர்சர்ருக்கு ரெண்டாவத பண்ணாங்க, 35 மில்லியன் கிட்ட கையிலேர்ந்து போட்டு டெக்சஸ்கிட்டேர்ந்து லூயிஸ் ஆங்கெல் அகுன்யாவ வாங்கினாங்க. காசு குடுத்து பையன வாங்கினதுதான் அது, வேற பேர் கிடையாது.

பாஸ்டன்_பாலு
நான் பாஸ்டனோட ரெட் சாக்ஸ் டீம் ஆளு, இந்த வேதனைய மூணு தடவ அனுபவிச்சவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க.

முதல் தடவ 2012 ஆகஸ்ட். ஏட்ரியன் கொன்சாலஸ், கார்ல் க்ராஃபர்ட், ஜாஷ் பெக்கெட், கூட நிக் பன்டோ, நாலு பேரையும் ஒரே நாள்ல டாட்ஜர்ஸுக்கு தள்ளி விட்டாங்க, 250 மில்லியனுக்கு மேல பாரம் இறங்குச்சு. அன்னைக்கு நான் கொதிச்சுப் போயிட்டேன், கொன்சாலஸ் நல்லா ஆடிட்டிருந்த ஆளு. ஆனா அந்த குளிர்காலத்துல அந்த காச அப்படியே எடுத்து ஷேன் விக்டோரினோ, மைக் நபோலி, ஜானி கோம்ஸ், கோஜி உயேஹாரான்னு சின்ன சின்ன காண்ட்ராக்டா பிரிச்சு போட்டாங்க. 2013ல வேர்ல்ட் சீரிஸ், சாம்பியன் கப்பே ஜெயிச்சோம். உயேஹாரா கடைசி ஸ்ட்ரைக் அவுட் எடுத்து விரல தூக்கினத டிவி முன்னாடி நின்னு பாத்தேன், உக்கார முடியல.

ரெண்டாவது 2020 பிப்ரவரி, மூக்கி பெட்ஸ். இத பேசினா இன்னும் வயிறு எரியுது. 27 வயசு, எம்விபி (லீக்கோட மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது) வாங்கினவரு, நம்ம ஃபார்ம்ல, அதாவது பசங்கள வளக்கற கீழ்மட்ட டீம்கள்ல வளந்த புள்ள, ஒரு வருஷம்தான் காண்ட்ராக்ட் பாக்கி. டேவிட் ப்ரைஸோட சம்பளத்த குறைக்கணும்னு அவரோட சேத்து கட்டி அனுப்பினாங்க. வந்தது வெர்டூகோ, ஜீட்டர் டௌன்ஸ், கானர் வாங். டாட்ஜர்ஸ் அஞ்சு மாசத்துல 12 வருஷம் 365 மில்லியன் குடுத்தாங்க, 2020, 2024, 2025 மூணு கப் அடிச்சாச்சு. அந்த மிச்சப்பட்ட காசு எங்க போச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல, ஃபீல்டுல நான் பாக்கல.

மூணாவது 2025 ஜூன் 15, ரஃபேல் டெவர்ஸ். பெட்ஸ விட்டதுக்கு பரிகாரம் மாதிரி 2023 ஜனவரில 10 வருஷம் 313.5 மில்லியன் குடுத்த ஆளு. பிரெக்மேன் வந்ததும் தேர்ட் பேஸ குடுக்க மாட்டேன்னாரு, அப்பறம் டிஎச் ஆனாரு, மே மாசம் காசாஸ் முட்டி போனதும் ஃபர்ஸ்ட் பேஸ் ஆடுன்னு கேட்டாங்க, ஆட மாட்டேன்னாரு, ஓனர் ஜான் ஹென்றியே கான்சஸ் சிட்டிக்கு பறந்து போய் பேசினாரு. ஒரு மாசம் கழிச்சு யாங்கீஸ ஸ்வீப் பண்ண அன்னைக்கே, அந்த மேட்ச்ல அவரும் ஒரு ஹோம் ரன் அடிச்சிருக்காரு, சாயங்காலம் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வித்துட்டாங்க. பாக்கி 250 மில்லியனையும் ஜயன்ட்ஸ் முழுசா ஏத்துக்கிட்டாங்க. பதிலுக்கு வந்த பிட்சர் கைல் ஹாரிசன் அன்னைக்கு நைட் டாட்ஜர்ஸுக்கு எதிரா ஸ்டார்ட் பண்ண வேண்டியவரு, மேட்ச் தொடங்கற நேரத்துல இழுத்துட்டாங்க.

அந்த சீசன்ல நாங்க 89 ஜெயிச்சு ப்ளே ஆஃப் போனோம், ஜயன்ட்ஸ் 81-81. உடனே எல்லாரும் பாத்தியா விட்டது சரிதான்னாங்க. எனக்கு அப்படி படல. யாங்கீஸோட மூணு மேட்ச் வைல்ட் கார்டுல தோத்தப்போ லைன் அப்ல அவர் இடம் காலியா தெரிஞ்சுது. அவர் ரெண்டு டீமுக்கும் சேத்து 35 ஹோம் ரன், 163 மேட்ச் ஆடிருக்காரு, ட்ரேட் ஆனதால ஒரு மேட்ச் கூடவே கிடைச்சுது. கடைசில ஜயன்ட்ஸுக்கு அதே ஃபர்ஸ்ட் பேஸையும் ஆடினாரு.

காண்ட்ராக்ட்ட இறக்கறது ஒரு நாள் வேலை. அந்த காச வெச்சு அடுத்த குளிர்காலம் என்ன பண்ணாங்கன்னுதான் நான் பாப்பேன். 2012ல பண்ணாங்க, 2020ல பண்ணல. அனஹைம் அண்ணே, உங்க ஓனர் எந்த ரகம்?

கர்வ்பால்_கண்ணன்
பாலு அண்ணன் சொன்ன அந்த மைக் நபோலி யாருன்னு ஏஞ்சல்ஸ் ரசிகர்களுக்கு தெரியும் :(

அனஹைம்_வாசி
தெரியாம என்ன. 2011 ஜனவரி. வெர்னான் வெல்ஸோட காண்ட்ராக்ட்ல இன்னும் 86 மில்லியன் பாக்கி இருந்துச்சு, டொராண்டோ எப்படியாவது இறக்கி வெக்கணும்னு அலைஞ்சிட்டிருந்தாங்க, நம்மதான் போய் தோள குடுத்தோம், அதுக்கு மேல நபோலியையும் ஹ்வான் ரிவேராவையும் வேற குடுத்தோம். நபோலி அங்கேர்ந்து உடனே டெக்சஸ் போய் அந்த வருஷமே வேர்ல்ட் சீரிஸ் ஆடினாரு. வெல்ஸ் ரெண்டு வருஷம் இருந்தாரு, நான் அத பத்தி பேச விரும்பல.

ஓனர் எந்த ரகம்னு கேட்டீங்க. ஆர்ட்டி மொரேனோ கஞ்சன் கிடையாது, அத ஒத்துக்கணும். காசு போடுவாரு, எங்க போடறாருங்கறதுதான் கொடுமை. ஜாஷ் ஹாமில்டன் 5 வருஷம் 125 மில்லியன், ரெண்டே சீசன் ஆடினாரு, 2015 ஏப்ரல்ல பாக்கி சம்பளத்துல பெரும்பகுதிய நாமளே கட்டி டெக்சஸுக்கு திருப்பி அனுப்பினோம். ஆந்தனி ரெண்டான் 7 வருஷம் 245 மில்லியன், 2025 வரைக்கும் மொத்தம் 257 மேட்ச், 2025ல இடுப்பு ஆபரேஷனால ஒண்ணு கூட இல்ல.

ட்ரவுட் இருந்தும் ப்ளே ஆஃப் போனது ஒரே ஒரு தடவ, 2014, கான்சஸ் சிட்டி மூணுக்கு மூணு அடிச்சு அனுப்பிடுச்சு. அந்த சீரிஸ்ல அவர் 12 தடவ பேட் பிடிச்சு ஒரே ஒரு ஹிட், அது ஹோம் ரன். அவ்ளோதான் அவரோட ப்ளே ஆஃப் வாழ்க்கை, மூணு எம்விபி வாங்கின மனுஷனுக்கு.

நியூஜெர்சி_அக்கா
நான் இருக்கறது ட்ரவுட்டோட சொந்த ஊர் மில்வில்லேர்ந்து கொஞ்ச தூரம்தான், அந்த ஊர்ல அவர தெரியாதவங்க கிடையாது. குளிர்காலத்துல ஊருக்கு வந்துடுவாரு, ஈகிள்ஸ் மேட்சுக்கு போவாரு.

எல்லாரும் விக்கணும் விக்க கூடாதுன்னு பேசறீங்களே தம்பி, அவர் சம்மதம் இல்லாம ஒரு அடி நகர்த்த முடியாதுன்னு ஒருத்தரும் சொல்லலயே. காண்ட்ராக்ட்லயே முழு நோ ட்ரேட் கிளாஸ் இருக்கு. அது இல்லன்னாலும் பத்து வருஷ சர்வீஸ், அதுல கடைசி அஞ்சு ஒரே டீம்ல இருந்தா, வேணாம்னு சொல்ற உரிமை தானா வந்துடும். 2024 ஸ்ப்ரிங் டிரெய்னிங்ல நேராவே சொன்னாரு, ட்ரேட் கேக்கறது சுலபமான வழி, எனக்கு இங்கயே ஜெயிக்கணும்னு. அவரோட ஏஞ்சல்ஸ்ல ஆடின ஓட்டானி டாட்ஜர்ஸ் போய் ரெண்டு மாசம் தாண்டி கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு அப்போ.

2019ல என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? பிரைஸ் ஹார்பர் எங்க பக்கத்து ஃபிலடெல்ஃபியாவோட ஃபில்லிஸ் டீமுக்கு 330 மில்லியனுக்கு கையெழுத்து போட்ட சூட்டோட, ட்ரவுட் ஃப்ரீ ஏஜென்ட் ஆகும்போது ஃபிலடெல்ஃபியாவுக்கு கூப்பிடுவேன்னு வெளிப்படையா பேசினாரு. எங்க ஏரியா முழுக்க ஒரே சந்தோஷம், ரெண்டே வருஷத்துல வீட்டுக்கு வந்துடுவான் பையன்னு. அதே மாசம் அனஹைம்ல 2030 வரைக்கும் கையெழுத்து போட்டுட்டாரு. சொந்த ஊர விட்டு உங்கள தேர்ந்தெடுத்தாரு தம்பி. அந்த மனுஷன பாரம்னு சொல்றத கேக்க எனக்கு கஷ்டமா இருக்கு.

அனஹைம்_வாசி
அக்கா நான் அவர பாரம்னு சொல்லல, சொல்லவும் மாட்டேன். அந்த சம்பளம் ஒவ்வொரு டாலரும் அவர் சம்பாதிச்சது, முதல் எட்டு வருஷத்துல அவர் ஆடினதுக்கு இதுவே கம்மி.

எனக்கு வலிக்கறது வேற இடம். 2023 ஜூலைல ஓட்டானிய ட்ரேட் பண்ணிருந்தா ஒரு ஃபார்ம் சிஸ்டமே வந்திருக்கும். பண்ணல. பிட்சர் ஜியோலிடோவ வாங்கினோம், நம்ம பசங்கள குடுத்தோம், ஆகஸ்ட்ல வரிசையா தோத்தோம், மாசக் கடைசில ஜியோலிடோ உள்பட அஞ்சாறு பேர வெய்வர்ஸ்ல, அதாவது சம்பளத்த ஏத்துக்கற டீம் எடுத்துக்கட்டும்னு போட்டு சும்மா தூக்கி குடுத்தோம். டிசம்பர்ல ஓட்டானி 700 மில்லியனுக்கு அரை மணி நேர தூரத்துல இருக்குற டீமுக்கு போயிட்டாரு, கைல நின்னது ஒரே ஒரு டிராஃப்ட் பிக், அதாவது புதுப் பசங்கள தேர்ந்தெடுக்கும்போது கூடுதலா ஒரு வாய்ப்பு. நேரத்துக்கு ஒரு முடிவு எடுக்காததோட விலை என்னன்னு அன்னைக்கு தெரிஞ்சுது. அதே தப்ப திரும்ப பண்ணக் கூடாதுன்னுதான் கேக்கறேன்.

கர்வ்பால்_கண்ணன்
நோ ட்ரேட் இருக்கற ஆள விக்கும்போது என்ன ஆகும்னா, பேரம் பேசற பலம் முழுக்க பிளேயர் கைக்கு போயிடும். 2017 டிசம்பர்ல மயாமியோட ஸ்டான்டன பாருங்க. 59 ஹோம் ரன் அடிச்சு எம்விபி வாங்கின கையோட, புது ஓனர்ஸ் வந்து 13 வருஷம் 325 மில்லியன் காண்ட்ராக்ட்ட இறக்கியே ஆகணும்னாங்க. சான் ஃபிரான்சிஸ்கோவோடயும் செயின்ட் லூயிஸோடயும் மயாமி பேசி முடிச்சிடுச்சு, ரெண்டுக்கும் அவர் முடியாதுன்னுட்டாரு. யாங்கீஸ் உள்பட நாலு டீமுக்குதான் போவேன்னு நின்னாரு, கடைசில வேற வழியில்லாம யாங்கீஸ்கிட்டேர்ந்து ஸ்டார்லின் காஸ்ட்ரோ, ரெண்டு ப்ராஸ்பெக்ட், அத வாங்கிட்டு பின்னாடி கட்டறதுக்கு 30 மில்லியனும் ஒத்துக்கிட்டாங்க. நேஷனல் லீக் எம்விபிக்கு அவ்ளோதான் கிடைச்சுது.

அரெனாடோ இன்னும் மோசம். 2021ல கொலராடோ அவரையும் குடுத்து 50 மில்லியன் கிட்ட காசும் குடுத்துச்சு, பதிலுக்கு கோம்பரும் நாலு சின்ன பசங்களும். அப்பறம் 2024 டிசம்பர்ல கார்டினல்ஸ் அவர ஹியூஸ்டனுக்கு அனுப்ப பாத்தாங்க, வேணாம்னு ஒரே வார்த்தை.

பாஸ்டன்_பாலு
ஏ ராட்ட, அதான் அலெக்ஸ் ராட்ரிகஸ விட்டுட்டீங்களே. 2004ல டெக்சஸ் அவர யாங்கீஸுக்கு குடுத்தப்போ பாக்கி 179 மில்லியன்ல 67ஐ தானே கட்டறேன்னு ஒத்துக்கிச்சு. 2003ல 71 ஜெயிச்ச டீம், அவர் இல்லாம 2004ல 89 ஜெயிச்சுது, இது உங்க பக்கத்துக்கு சாதகமான உதாரணம் அண்ணே. ஆனா கடன் போகல, 2010ல அந்த கிளப் திவால் கோர்ட்டுக்கு போனப்போ, அடமானம் இல்லாத கடன்காரங்க லிஸ்ட்ல முதல் பேரு ஏ ராட்தான். விட்டு ஆறு வருஷம் கழிச்சும் 24 மில்லியனுக்கு மேல அவருக்கு பாக்கி.

சுழல்பந்து
படிக்க படிக்க தல சுத்துது, ஆனா நல்லா இருக்கு. எனக்கு ஒரு சந்தேகம், ட்ரவுட் போனா அந்த 35 மில்லியன வெச்சு ஏஞ்சல்ஸ் உடனே நல்ல டீம் ஆயிடுமா?

கணக்குப்பிள்ளை
ஆகாது ப்ரோ. 35 மில்லியனுக்கு இன்னைக்கு மார்க்கெட்ல மேட்ச தொடங்கற ஒரு நல்ல பிட்சரும், நடுவுல வந்து பந்து போடற இன்னொரு பிட்சரும் வருவாங்க. 72 ஜெயிச்ச டீம் 77 ஜெயிக்கும். ஏஞ்சல்ஸுக்கு இல்லாதது பிட்சிங், அதுக்கு காரணம் வருஷக்கணக்கா ஃபார்ம் சிஸ்டத்த கவனிக்காம விட்டது. லோக்கல் டிவி நடத்தின கம்பெனி 2023ல திவால் நோட்டீஸ் குடுத்ததுலேர்ந்து அந்த வருமானமும் ஆட்டம் கண்டுடுச்சு, ட்ரவுட் சம்பளம் மிச்சமானா அது பிட்சருக்கு போகும்னு என்னால நம்ப முடியல.

2025 நவம்பர்ல டெய்லர் வார்ட குடுத்து பால்டிமோர்கிட்டேர்ந்து கிரேசன் ராட்ரிகஸ வாங்கினாங்க பாருங்க, எனக்கு அந்த மாதிரி ட்ரேட்தான் பிடிக்குது. 36 ஹோம் ரன் அடிச்சவர குடுத்தாங்க, ராட்ரிகஸ் காயத்துல 2025 முழுக்க ஆடல, ரிஸ்க்தான். ஆனா பல வருஷம் கைல இருக்கப் போற பிட்சர். நெட்டோ, ஓஹாப்பி, ஷனுவெல், அடெல்னு பசங்க இருக்காங்க, அவங்களுக்கு பின்னாடி பந்து போட ஆளு வேணும்.

என் முடிவு இதுதான். முழு சம்பளத்தையும் தள்ளி விடற ட்ரேட் வந்தா எனக்கு வேணாம், பதிலுக்கு ஒண்ணும் வராது, ரசிகனுக்கு ட்ரவுட்டும் இல்லாம போயிடும். பாதிய கட்டி ரெண்டு நல்ல பிட்சிங் ப்ராஸ்பெக்ட் வாங்கற ட்ரேட்னா, ட்ரவுட்டும் சரின்னா, உடனே பண்ணணும். ஓனர் அதுக்கு ஒத்துக்குவாரான்னா, ஹாமில்டனுக்கு கட்டினாரே, பூஹோல்ஸுக்கு கட்டினாரே. கட்டி ஒண்ணுமே வாங்காம விட்டவரு, கட்டி ரெண்டு பசங்கள வாங்க ஏன் யோசிக்கணும்?

நியூஜெர்சி_அக்கா
ஒரு விஷயம் சொல்றேன். ட்ரவுட்ட ஏஞ்சல்ஸ் எடுத்ததே 2009 டிராஃப்ட்ல 25வது பிக்ல. அந்த பிக் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, மார்க் டெஷேரா ஃப்ரீ ஏஜென்ட்டா யாங்கீஸுக்கு போனதுக்கு ஈடா வந்தது. அன்னைக்கு டெஷேரா போயிட்டாரேன்னு அனஹைம்ல எத்தன பேர் புலம்பிருப்பாங்க.

2025 செப்டம்பர்ல டென்வர்ல 400வது ஹோம் ரன் அடிச்சாரே, 485 அடி, பாத்தீங்களா? அந்த பந்த பிடிச்சவர் திருப்பி குடுக்க வந்தப்போ, மேட்ச் முடிஞ்ச காலி மைதானத்துல ட்ரவுட்டோட கொஞ்ச நேரம் கேட்ச் போடணும்னு கேட்டாரு, ட்ரவுட்டும் நின்னு போட்டாரு. முட்டி வலிக்கற மனுஷன், தோத்துக்கிட்டே இருக்கற டீம், சீசன் முடிய ஒரு வாரம்.

அனஹைம்_வாசி
பாத்தேன் அக்கா. பொண்ணும் பாத்தா.

கணக்குப்பிள்ளை சொன்னத ராத்திரி முழுக்க யோசிச்சேன். முதல் போஸ்ட்ல நான் எழுதினத கொஞ்சம் மாத்திக்கறேன். காசுக்காக மட்டும் விக்கற ட்ரேட்ட நானும் எதிர்க்கறேன். அவரா வந்து எனக்கு அக்டோபர்ல, ப்ளே ஆஃப்ல ஆடணும்னு சொன்னா, பாதி சம்பளத்த கட்டியாவது அவர் கேக்கற ஊருக்கு அனுப்பணும், பதிலுக்கு பிட்சிங் வாங்கணும். அந்த ஊர் ஃபிலடெல்ஃபியாவா இருந்தா எனக்கு சந்தோஷம், அவர் அம்மா அப்பா கார்ல வந்து பாக்கலாம். அவர் கேக்காத வரைக்கும் நம்ம ஸ்டேடியத்து சென்டர் ஃபீல்டுக்கு பின்னாடி இருக்கற செயற்கைப் பாறைக்கு முன்னாடி அவர் பேர் சொல்லி கூப்பிடறத கேக்க நான் போவேன், சீசன் டிக்கெட் புதுப்பிக்கற லெட்டர் மேசை மேலதான் இருக்கு, இன்னைக்கு கட்டிடறேன்.

ஃபில்லிஸ் சட்டைல 27 போட்டு அவர் முதல் மேட்ச் ஆடினா, விடுப்பு போட்டு அங்க வந்து பாப்பேன் அக்கா.

நியூஜெர்சி_அக்கா
வாங்க தம்பி, நம்ம வீட்டுலயே தங்கிக்கலாம், குடும்பத்தோட வாங்க. ஆனா இங்க 27 ஏரன் நோலாகிட்ட இருக்கு. அவர் காண்ட்ராக்ட்டும் 2030 வரைக்கும்.